காவிரிப்பூம்பட்டினத்துக் கடற்கரையில் ஒரு பகல்

பழந்தமிழர் வரலாறு என்றவுடன் போரும் கொடையும் வாணிகமும் முன்வந்து நிற்கின்றன. உழைத்துண்ட மக்கள் ஒருநாள் தொழிலை நிறுத்தி எங்ஙனம் களித்தனர் என்று ஆராய்வார் மிகச் சிலரே. சான்று இல்லாமையால் அன்று. இருக்கும் சான்றை அந்நோக்கில் பயிலாமையால் என்க. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பட்டினப்பாலை 301 அடிகள் கொண்டது. கரிகாற்சோழனின் புகழ் பேச எழுந்த அப்பாட்டில், புகார்ப் பரதவர் வேலைக்குச் செல்லாத ஒரு பகற்பொழுது முழுமையாகப் பதிவாகியுள்ளது.

அது முழுநிலா நாள். பரதவர் அன்று மீன்வேட்டைக்குக் கடலேறவில்லை. மணற்பரப்பில் சுறாமீனின் கோட்டை நட்டு, அதில் உறையும் தெய்வத்தை வழிபடுகின்றனர். தாழைமலர் சூடுகின்றனர், பனங்கள் பருகுகின்றனர். தழையுடை உடுத்த மகளிரும் உடனிருக்கின்றனர். பின்னர் எல்லாரும் காவிரி கடலொடு கலக்கும் இடத்துக்குச் செல்கின்றனர். அங்கே ஓதம் பெருகி ஒலித்தது என்கிறார் புலவர். முழுநிலா நாளில் கடலேற்றம் மிகும் என்பது இயற்கை நூலார் நன்கறிந்த செய்தி. ஆகவே நாளும் நீரும் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றன. கற்பனையில் மட்டும் பிறந்த காட்சி அன்று இது எனக் கொள்ள இஃதொன்றே போதும்.

அவர்கள் ஆடிய ஆட்டங்கள் எவை? நண்டை அலைத்து விளையாடினர். வலிய அலைகளுள் புகுந்து கலக்கினர். மணலில் பாவை செய்தனர். பகல் முழுவதும் இங்ஙனம் கழிந்தது.

பழந்தமிழரின் கடலாட்டை வெறும் சமயச் சடங்கு என்று கூறி முடிப்பாரும் உளர். பாவம் நீங்கவே கடலில் மூழ்கினர் என்பது அவர் கருத்து. பட்டினப்பாலையும் தீமை அகலுதற்குக் கடலாடியதைக் கூறத்தான் செய்கிறது. ஆனால் அடுத்த செயலை அவர்கள் நோக்குவதில்லை. கடலாடியவர்கள் உடனே ஆற்றுநீரில் படிந்து உடலின் அழுக்கைப் போக்கிக்கொண்டனர். உப்பு உடம்பில் பிசுபிசுக்கும் என்பதைக் கடற்கரையில் வாழ்வாருக்கு யார் சொல்லவேண்டும்? சடங்கும் விளையாட்டும் உடல்நலமும் ஒரே பகலில் ஒன்றையொன்று தடுக்காமல் நடந்தன. இவற்றைப் பிரித்து அடைக்க முனைவது பிற்கால நூலோரின் பழக்கமே.

இனிச் சிலப்பதிகாரம் காட்டும் கடற்கரை நாளை இதனோடு ஒப்பிடுதல் தகும். அதுவும் புகாரே, அதுவும் முழுநிலா நாளே. இந்திரவிழா முடிந்தபின் கோவலன் ஊடியிருந்தான். அவன் மகிழத் தன்னை அணிசெய்துகொண்ட மாதவி, கடல் விளையாட்டைக் காணவேண்டும் என்று விரும்பினாள். வைகறைப் பொழுதில் கோவலன் கோவேறு கழுதையிலும் மாதவி வண்டியிலும் ஏறிச் சென்றனர். கரையெங்கும் விளக்குகள். மலரும் சாந்தும் விற்போர், பொற்கொல்லர், பிட்டும் அப்பமும் சுடுவோர், மீன் விற்போர் ஆகியோர் ஏற்றியவை ஒருபுறம். கலங்கரை விளக்கம், மீன்படகுகளின் விளக்கு, வேற்றுமொழி பேசும் அயல்நாட்டார் அணையாது வைத்த விளக்கு ஆகியன மற்றொருபுறம். நுண்மணலில் வீழ்ந்த வெண்கடுகையும் காணத்தக்க ஒளி இருந்ததாம். விடியுமுன் கூடிய கூட்டத்துக்குத் தின்பண்டம் விற்போர் அதற்கும் முன்னரே எழுந்து அடுப்பு மூட்டியிருக்க வேண்டும் என்பதையும் மறத்தலாகாது.

கோவலனும் மாதவியும் புன்னை நிழலில், புதுமணற் பரப்பில், ஓவியத் திரை வளைத்து, இருக்கை இட்டு அமர்ந்தனர். ஈண்டு ஊன்றி நோக்கத்தக்கது ஒன்று உண்டு. காதையின் பெயர் 'கடலாடு காதை'. ஆயினும் இவ்விருவரும் அலைக்குள் இறங்கியதாக இளங்கோவடிகள் பாடவில்லை. மாதவி விரும்பியதும் காண்பதையே. பரதவர் அலையைக் கலக்கினர். செல்வர் திரைக்குள் இருந்து பார்த்தனர். கடலைத் தொழிற்களமாகக் கொண்டவர்க்கே அது விளையாட்டுக் களமும் ஆயிற்று எனலாம்.

விளைவும் வேறாயிற்று. பரதவர் இணைபிரியாக் காதலோடு பகலைக் கழித்தனர். ஊடல் தீர வந்த இணையரோ யாழிசைத்துப் பாடிய கானல்வரியில் ஒருவர் பாட்டை மற்றவர் ஐயுற்றுப் பிரிந்தனர். கோவலன் எழுந்து சென்றான். மாதவி தனியே வண்டியேறித் திரும்பினாள். சிலப்பதிகாரத்துக்கு விரிவான உரை வகுத்த அடியார்க்குநல்லாரின் உரை, இக்கானல்வரிக்கு மட்டும் இடையே கிடைக்காமற் போனது தமிழுக்குப் பேரிழப்பு. உ. வே. சாமிநாதையர் பத்துப்பாட்டை 1889இலும் சிலப்பதிகாரத்தை 1892இலும் அச்சேற்றியிராவிடில் இவ்விரு நாள்களும் ஏட்டுச்சுவடிகளிலேயே உறங்கியிருக்கும்.

ஓய்வைப் பாடிய பட்டினப்பாலையே ஓய்வில்லாரையும் காட்டுகிறது. பரதவர் விளையாடிய அதே துறைமுகத்தில் சுங்கம் கொள்ளும் அரச அலுவலர், கதிரவனின் தேரிற் பூட்டிய குதிரைகளைப் போல, நாள்தோறும் சோர்வின்றி உழைத்தனர். பின்னிரவில் கடலில் நின்ற மீனவர், நகரத்து மாடங்களில் எரியும் விளக்குகளை எண்ணிக்கொண்டிருந்தனர். அன்றைய மாடமும் துறையும் எங்கே என்று கேட்பார்க்கு மண் ஓரளவு விடை தந்துள்ளது. 1960களில் இந்தியத் தொல்லியல் துறையினர் அகழ்ந்தபோது, கீழையூரில் செங்கல்லால் கட்டிய படகுத்துறையும் அதனருகே மரத்தூண்களும் வெளிப்பட்டன. அம்மரத்தின் காலம் கி.மு. 4, 3ஆம் நூற்றாண்டுகளை ஒட்டியது எனக் கணித்தனர்.

1973இல் பூம்புகாரில் சிலப்பதிகாரக் கலைக்கூடம் எழுந்தது. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை இக்கரையைத் தாக்கியது. காவிரியின் பெருநீர் கொள்ளிடம் வழியாகவே கடலடைகிறது. புகாரில் அது சிற்றாறாகவே கலக்கிறது. ஆடி அமாவாசையன்றும் தை அமாவாசையன்றும் மக்கள் திரளாக வந்து அக்கூடலில் நீராடுகின்றனர்.