கூடாரங்களில் தொடங்கிய பாடம்

நோயாளியைக் குடும்பத்திடமிருந்து பிரித்து அடைத்துவைப்பதே காலனியக் கால மனநல மருத்துவமனைகளின் நடைமுறை. அமிர்தசரஸ் மனநல மருத்துவமனை அதிலிருந்து விலகியது. 1950களில் அதன் கண்காணிப்பாளராக இருந்த மருத்துவர் வித்யா சாகர், வளாகத்தில் கூடாரங்கள் அமைத்து, உறவினரை நோயாளியோடு தங்கச் செய்தார். நோயின் இயல்பையும் வீட்டில் பேணும் முறையையும் அவர்களுக்கு விளக்கினார். வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியும் 1957இல் குடும்பத்தைச் சிகிச்சையில் சேர்த்துக்கொண்டது.

இதை இந்தியக் குடும்பப் பாசத்தின் வெற்றியாக மட்டும் எழுதிவிடுவது எளிது. ஆனால் பாசம் முன்பும் இருந்தது. பராமரிப்பவருக்கும் கற்பிக்க வேண்டும் என்ற எண்ணமே புதிது. கூடாரத்தில் கேட்டறிய மருத்துவர் இருந்தார். மனம்விட்டுப் பேச அதே துயரம் கொண்ட பிற குடும்பங்கள் இருந்தன. வீடு திரும்பியவர்க்கு அவ்விரு துணைகளும் அருகில் இல்லை. மாத்திரை, உணவு, உறக்கம் என ஆண்டுக்கணக்கில் நீளும் கவனிப்பு பெரும்பாலும் பெண்கள்மீதே விழுந்தது.

2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், குடும்பத்துக்குத் துணைநிற்கும் சேவைகளையும் அரசு வழங்க வேண்டியவற்றுள் சேர்த்துள்ளது. மருத்துவமனைகளின் வரலாற்றை எழுதும் நாம், பராமரித்தவர்களின் வரலாற்றையும் எழுத வேண்டும். அவர்களது ஓய்வும் உடல்நலமும் சிகிச்சையின் பகுதியே என்ற வாதம் அப்போதுதான் சான்றோடு நிற்கும்.