பத்து ரூபாயும் ஒரு பழஞ்சேலையும்

“தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை” என்பது நம் காவிரிக் கரையின் திண்ணைகளில் இன்றும் வழங்கும் பழமொழி. பெண்பிள்ளை வளர்ந்து பருவமெய்தும் நாளில், அவளால் வரும் புகழையும் பழியையும் தாயின் தலையிலேயே ஏற்றிவிடுகிறோம். ஆனால், அந்த நூலைத் தாயின் கையில் கொடுத்தவர் யார் என்று நாம் கேட்பதில்லை. கேட்க வேண்டும் என்கிறது நம் மண்ணின் வரலாறு.

1883-ஆம் ஆண்டு திருவாரூரில் ஒரு பெண்குழந்தை பிறந்தது. தந்தை கிருஷ்ணசாமி, தாய் சின்னம்மாள். வறுமை தாங்காது தந்தை வீட்டைவிட்டு அகன்றார். ஐந்து வயது மகளைத் தாய் ஒரு தேவதாசியிடம் பத்து ரூபாய்க்கும் ஒரு பழஞ்சேலைக்கும் கொடுத்துவிட்டார் என்று அவருடைய வரலாற்றை எழுதியோர் குறிப்பிடுகின்றனர். மயிலாடுதுறையை அடுத்த மூவலூரில் வளர்ந்த அச்சிறுமியே பின்னாளில் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் ஆனார்.

அக்காலத் தஞ்சைத் தரணியின் கோயில் நகரங்களில் தேவதாசியர் குடும்பங்கள் பல இருந்தன. மற்ற வீடுகளில் பெண் பிறந்தால் முகம் வாடியது. அவ்வீடுகளிலோ பெண்ணே வாரிசு. கோயில் பணியும் அதற்குரிய மானிய நிலமும் பெண்வழியே சென்றன. மகள் இல்லாதவர் பெண்குழந்தையைத் தத்தெடுத்தனர். பூப்பெய்துமுன் சிறுமிக்குப் பொட்டுக்கட்டி, அதன்பின் வசதி படைத்த ஒருவரின் ஆதரவில் வைப்பது வழக்கம். தாய்க்கு மகள் அன்புக்குரியவள் மட்டுமல்லள். முதுமையில் சோறிடும் காணியும் அவளே. எனவே, மகளின் பருவம் தாயின் பிழைப்புக்கு வழியாயிற்று.

அம்மரபு தந்தது கொடுமை மட்டும்தான் என்று சொல்லின் அது அரைகுறை வரலாறாகும். தஞ்சை அரசவைக் கலைஞர் பாப்பம்மாளின் வழியில் வந்தவர் 1918-இல் பிறந்த நாட்டிய மேதை பாலசரஸ்வதி. நாட்டியத்தையே உலகம் இழிவாகப் பேசிய நாளில், உறவினரின் எதிர்ப்பை மீறி மகளை ஆடவைத்தவர் அன்னை ஜெயம்மாள். 1925-இல், ஏழு வயதில், காஞ்சிபுரத்தில் பாலாவின் அரங்கேற்றம் நடந்தது. பின்னர் மகளின் ஆட்டத்துக்குத் தாயே அமர்ந்து பாடினார். சின்னம்மாளின் கையில் பசி இருந்தது. ஜெயம்மாளின் கையில் இசை இருந்தது. இருவரும் தம் கையில் இருந்ததையே மகளுக்குக் கொடுத்தனர்.

இராமாமிர்தம் அம்மையார் பதினேழு வயதில், முதியவர் ஒருவருக்குத் தம்மைக் கொடுக்கும் ஏற்பாட்டை மறுத்து, இசை கற்பித்த சுயம்பு பிள்ளையை மணந்தார். பின்னர் ஊர் ஊராகச் சென்று பொட்டுக்கட்டும் வழக்கத்துக்கு எதிராகப் பேசினார். தாயே மகளிரை அவ்வாழ்க்கைக்குப் பழக்கும் அவலத்தை 1936-இல் ‘தாசிகள் மோசவலை’ என்னும் புதினமாக எழுதினார். சட்டமன்றத்தில் இதே போரை நடத்தியவர் டாக்டர் முத்துலெட்சுமி ரெட்டி. அவருடைய அன்னை சந்திரம்மாளும் அச்சமூகத்தில் பிறந்தவரே. முத்துலெட்சுமியின் முயற்சியால் 1929-இல் வந்த சட்டத்திருத்தம், மானிய நிலத்தைக் கோயில் பணிக் கட்டாயத்திலிருந்து விடுவித்தது. தாயின் பிழைப்பை மகளின் உடலோடு கட்டியிருந்த முடிச்சு அங்கேதான் முதலில் தளர்ந்தது. பொட்டுக்கட்டுதலை முற்றிலும் தடைசெய்த சட்டம் 1947-இல் வந்தது.

இது வேறொரு சமூகத்தின் கதை என்று நாம் ஒதுங்கிவிட இயலாது. ஆண்டுகள் பலவற்றுக்குமுன் நாம் பணியாற்றிய பங்கொன்றில், மஞ்சள் நீராட்டு முடிந்த கையோடு மகளைப் பள்ளியிலிருந்து நிறுத்தினார் ஒரு தாய். அழைத்துக் கடிந்துகொண்டோம். “சாமி, விடிஞ்சா நான் நடவுக்குப் போயிடுவேன். கைப்பிள்ளையை யார் பாக்குறது? வாய்க்கால் கரையில ரெண்டு மைல் இவ தனியா நடந்து போறாளே, யாரு துணை? எங்கம்மாவும் என்னை இப்படித்தான் நிறுத்தினாங்க” என்றார். நம்மிடம் மறுமொழி இல்லை. அறிவுரை வழங்கத் தெரிந்த நமக்கு, அச்சிறுமிக்கு வழித்துணை ஏற்பாடு செய்யத் தோன்றவில்லை. மூன்றாண்டு கழித்து அவளது திருமண ஓலையை வாசித்தவரும் நாமே. அந்த ஓலை இன்றும் நம் நெஞ்சில் கனக்கிறது.

அம்மையார் 1962-இல் மறைந்தார். ஏழைப் பெண்களின் திருமண உதவிக்கென 1989-இல் அவர் பெயரால் தமிழக அரசு தொடங்கிய திட்டம், 2022-இல், அரசுப் பள்ளியில் படித்த மாணவியரின் உயர்கல்விக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் ‘புதுமைப் பெண்’ திட்டமாக மாறியது. அன்று பத்து ரூபாய் ஒரு சிறுமியைத் தாயிடமிருந்து பிரித்தது. இன்று அவள் பெயரைத் தாங்கிய பணம் சிறுமியரைக் கல்லூரி வாயிலில் கொண்டுபோய் விடுகிறது.

நற்செய்தியில் வரும் யாயிரின் மகளுக்கும் பன்னிரண்டு வயதுதான். இயேசு அவளுடைய தந்தையையும் தாயையும் உடனழைத்துச் சென்று அவளைக் கைப்பிடித்து எழுப்பினார்; உண்ணக் கொடுக்கவும் சொன்னார். பெற்றோரைக் குறைகூறி வெளியே நிறுத்தவில்லை. தாயைப் போலத்தான் பிள்ளை என்றால், நம் பங்குத் தாய்மாரின் கைகளில் நாம் என்ன நூலைக் கொடுத்திருக்கிறோம்?