மான்செஸ்டர் செயின்... கம்பம் சைக்கிள்!

ஆடி மாசம் கம்பம் பக்கம் போயிருக்கிறீர்களா? மலையில் சாரல் அடிக்கும். கீழே ரோட்டில் புழுதி பறக்கும். கண்ணைத் திறக்க முடியாது. சைக்கிள் செயினுக்கு அந்தப் புழுதிதான் எமன்!

அப்படி ஒரு சாயங்காலம், எனக்குப் பழக்கமான சைக்கிள் கடை அண்ணனோடு பேசிக்கொண்டிருந்தேன். அறுபதைத் தாண்டியவர். ப்ளஸ் ஒன் பையன் ஒருவன், அரசாங்கம் கொடுத்த சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து சேர்ந்தான். “மாமா, செயின் கறகறங்குது.” எட்டிப் பார்த்தால், செயின் கறுப்பு அல்வா மாதிரி இருந்தது. சத்தம் வரும்போதெல்லாம் மேலாக்க எண்ணெயை ஊற்றியிருக்கிறான்!

பையன் வேறொரு எரிச்சலில் இருந்தான். அவன் உயிராக நினைக்கும் ராப் பாடகர், புதுசாக ஒரு காதல் மெலடி பாடிவிட்டாராம். “ராப்பே இல்ல மாமா. இழுத்து இழுத்துப் பாடுறாரு. சினிமாக்காரன் ஆயிட்டாரு.”

அண்ணன் செயினைக் கழற்றி மண்ணெண்ணெய்ச் சட்டியில் போட்டபடியே சொன்னார்: “நானும் ஒருத்தர் மேல இப்படிக் கோவிச்சுக்கிட்டு இருந்தேன்டா.”

அந்த ஒருத்தர், இளையராஜா! பக்கத்துப் பண்ணைப்புரத்துக்காரர். 1986-ல் அவருடைய ‘ஹவ் டு நேம் இட்’ வெளிவந்ததும், பஞ்சர் ஒட்டிய காசில் கேசட் வாங்கியிருக்கிறார் அண்ணன். கடையில் போட்டால்... பாட்டே இல்லை. வயலின், மறுபடி வயலின்! தியாகராஜருக்கும் ஜெர்மனிக்காரர் பாஹுக்கும் ராஜா வைத்த காணிக்கை அது. “நம்ம ஊரு மேளம் எங்கன்னு தேடுனேன். ரெண்டு நாள் ஓடவிட்டேன். வந்தவன் பூராம் ‘மாத்துய்யா’ன்னான்.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் வீட்டில் இதே வழக்கு பத்து வருஷம் முந்தியே நடந்து, தீர்ப்பும் ஆகிவிட்டது!

அப்பா பழைய தோழர். அவருக்கு நாயகன் ராஜா இல்லை, ராஜாவின் அண்ணன் பாவலர் வரதராஜன். கம்யூனிஸ்ட் மேடைகளில் அவர் பாட வருகிறார் என்றால் பள்ளத்தாக்கே திரளும். 1958-ல் மலைக்கு மேலே தேவிகுளம் இடைத்தேர்தல். எஸ்டேட் தொழிலாளர்கள் நடுவே பாவலர் பாடித் தீர்த்தார். ரோசம்மா புன்னூஸ் ஜெயித்தார். அந்த மலைப் பயணத்தில்தான் பதினைந்து வயதுகூட நிரம்பாத தம்பி ராசய்யா அண்ணனோடு சேர்ந்து பாட ஆரம்பித்தார். பாவலர் பிரதர்ஸ் உருவானது அப்படி.

அறுபதுகளின் கடைசியில் தம்பிகள் சென்னைக்குக் கிளம்பினார்கள். 1976-ல் ‘அன்னக்கிளி’. அதைப் பார்க்கப் பாவலர் உயிரோடு இல்லை. ஊரே தலையில் தூக்கி வைத்து ஆடியது, எங்க அப்பாவைத் தவிர. “மேடையை விட்டுட்டுப் போயிட்டாங்க” என்பார். மேடைப் பாட்டு வயிற்றை நிரப்பாது என்று அவருக்கும் தெரியும். இன்னொன்றும் தெரியும், வெளியே சொல்ல மாட்டார். பாவலரே எத்தனையோ சினிமா மெட்டில் அரசியலை ஏற்றிப் பாடியவர்தான். சினிமா மெட்டு மேடைக்கு வந்தபோது இனித்தது. மேடைப் பாட்டுக்காரர்கள் சினிமாவுக்குப் போனபோது கசந்துவிட்டது!

கடைசி வரை அப்பா ‘அன்னக்கிளி’ பார்க்கவில்லை. அம்மாவின் ரேடியோவில் அந்தப் பாட்டுகள் வந்தால், அணைக்கச் சொல்லவும் மாட்டார். எழுந்து திண்ணைக்குப் போய்விடுவார். திண்ணைக்கும் நன்றாகக் கேட்கும்.

இந்தக் கோபத்துக்குச் சரித்திரத்தில் பேர்போன ஊர் ஒன்று உண்டு. இங்கிலாந்தின் மான்செஸ்டர். 1966 மே 17. ஃப்ரீ டிரேட் ஹால் அரங்கம். போராட்டக்காரர்களின் பாடகன் என்று கொண்டாடப்பட்ட பாப் டிலன், எலெக்ட்ரிக் கிடாரோடு வந்து நிற்கிறார். கூட்டத்திலிருந்து ஒரு குரல்: “யூதாஸ்!” முப்பது வெள்ளிக் காசுக்கு ஏசுவைக் காட்டிக் கொடுத்தவனின் பெயர். அந்தக் கச்சேரி திருட்டு ரெக்கார்டாகப் பல வருஷம் விற்றது, லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் நடந்ததாகத் தப்பு லேபிளோடு. முறையாக வெளிவர 1998 ஆகிவிட்டது. அப்பாவுக்கு டிலன் யாரென்றே தெரியாது. ஆனால் அந்த அரங்கத்தில் இருந்திருந்தால் அவரும் சேர்ந்து கத்தியிருப்பார்!

அதே மான்செஸ்டரில்தான் 1880-ல், ஹான்ஸ் ரெனால்ட் என்ற சுவிட்சர்லாந்துக்காரர் இன்று நாம் மிதிக்கும் செயினுக்குக் காப்புரிமை வாங்கினார். பின்னைச் சுற்றி ஒரு புஷ், அதைச் சுற்றி உருளும் ரோலர். அதற்கு முன் பேர்பெற்ற உயரச் சக்கர சைக்கிளில் பெடல் முன்சக்கரத்திலேயே இருந்தது, விழுந்தால் பல் மிஞ்சாது. 1885-ல் ஸ்டார்லியின் ‘ரோவர்’ பின்சக்கரத்தைச் செயினால் இழுத்தது. நம்ம பக்கம் டி.ஐ. சைக்கிள்ஸ் கம்பெனி சென்னையில் தொடங்கியது 1949-ல். அதற்கப்புறம் பால்கேனும் திராட்சைக் கூடையும் ஹெர்குலிஸில் ஏறின.

அண்ணன் ஸ்கேலை எடுத்தார். அரை அங்குலத்துக்கு ஒரு பின். 24 கண்ணி அளந்தால் சரியாக 12 அங்குலம் வரவேண்டும். வீசம் கூடினால் செயினை மாற்று. அரைக்கால் அங்குலம் கூடினால் பல்சக்கரமும் போச்சு. இந்தச் செயின் அரைக்காலைத் தாண்டியிருந்தது!

“நீண்டுருச்சுண்ணே” என்றேன்.

“இரும்பு எங்கய்யா நீளும்? உள்ளுக்குள்ள பின்னும் புஷ்ஷும் தேய்ஞ்சிருக்கு.”

தேய்மானம்! பி.காம். படித்த எனக்கு அது வருஷக் கடைசியில் பத்து சதவிகிதம் எழுதித் தள்ளுகிற கணக்கு. எங்கே தேய்கிறது என்று எந்த வாத்தியாரும் காட்டியதில்லை.

எண்ணெய் வேண்டியது உள்ளே. ஒவ்வொரு ரோலருக்கும் ஒரு சொட்டு, பெடலைப் பின்பக்கமாகப் பத்து சுற்று, அப்புறம் வெளியே இருப்பதைத் துணியால் துடைத்துவிட வேண்டும். துடைக்காவிட்டால் புழுதி ஒட்டி, அம்மி மாதிரி அரைக்கும்.

“புதுச் செயின் மட்டும் போடு மாமா, ப்ரீவீலுக்குக் காசில்ல” என்றான் பையன்.

“பழைய பல்லுல புதுச் செயின் உக்காராதுடா, குதிக்கும். அன்னிக்கு அந்தக் கேசட்டு என் காதுல குதிச்சது மாதிரி.”

“இப்ப பிடிக்குதாண்ணே?”

“இல்ல” என்றார் பட்டென்று. “ஆனா தூக்கிப் போடல.” 2025 மார்ச்சில் ராஜா லண்டனில் தன் சிம்பொனியை அரங்கேற்றிய செய்தி வந்த அன்று, கேசட்டை எடுத்துத் துடைத்து வைத்தாராம். போட்டுக் கேட்க டேப் ரெக்கார்டர்தான் இல்லை.

பையனைச் சமாதானப்படுத்தலாம் என்று நான் கான்யே வெஸ்ட் கதையை எடுத்துவிட்டேன். அம்மாவை இழந்த மறு வருஷம், 2008-ல், ராப்பை ஓரங்கட்டிவிட்டு ஒரு ஆல்பம் முழுக்கப் பாடினார். ரசிகர்கள் முகம் சுளித்தார்கள். பின்னால் வந்த ராப்பர்கள் பலர் அந்த வழியிலேயே போனார்கள்.

“அவரு வேற சார், இவரு வேற” என்றான் பையன்.

அண்ணன் ப்ரீவீலைக் கடனுக்கே மாட்டிவிட்டார். “அந்தப் பாட்டைப் போடுறா, என்னதான் பாடியிருக்கான்னு பாப்போம்.” பையன் செல்போனில் போட்டான். மூணு பேரும் கேட்டோம். “ம்” என்றார் அண்ணன், அவ்வளவுதான்.

சைக்கிளைச் சத்தமில்லாமல் மிதித்துக்கொண்டு பையன் புழுதிக்குள் மறைந்தான். “எண்ணெயத் துடைக்காமயே ஓடுறான் பாரு” என்றார் அண்ணன்.