ஆகாயத்தில 420 கிலோமீற்றர், காலால எவ்வளவு?

போன மாசம் கூட்டாளி ஒருத்தன் திருச்சிக்கு டிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தான். கட்டுநாயக்கவிலிருந்து திருச்சி, நேர்கோட்டில் சுமார் 420 கிலோமீற்றர். பறக்கிற நேரம் ஒரு மணித்தியாலம். "பலாபத்வலயிலிருந்து எயார்போர்ட்டுக்குப் போற நேரம்தான் மச்சான் கூட" என்று சிரித்தான்.

வீட்டுக்கு வந்து வரைபடத்தை எடுத்தேன். திருச்சியிலிருந்து மாத்தளைக்குக் கோடு போட்டால் அதுவும் கிட்டத்தட்ட 420தான். அதே தூரத்தை நம்ம பாட்டன் பூட்டிமார் எப்படிக் கடந்தார்கள்?

திருச்சி, புதுக்கோட்டை, மதுரைப் பக்கத்து ஊர்களிலிருந்து கங்காணி பின்னால் நடை. பாம்பன் போகவே 200 கிலோமீற்றருக்கு மேல். பிறகு தோணியில் மன்னார்க் கரை. அங்கிருந்து காட்டு வழி, தம்புள்ள, நாலந்த தாண்டி மாத்தளை வரைக்கும் சுமார் 150 மைல். ஒரு நாளைக்கு 20 கிலோமீற்றர் என்று வைத்தாலும், நிற்காமல் நடந்தால் மூணு கிழமைக்கு மேல் வரும். ஆனா நிற்காமல் எப்படி நடப்பது? தண்ணியில்லாத இடம், காய்ச்சல், வாந்திபேதி. வழியிலேயே விழுந்தவர்கள் ஏராளம்.

இன்னொரு கணக்கும் இருக்கு. வழிச்செலவுக்குக் கங்காணி கொடுத்த முன்பணம் தொழிலாளியின் கடனாக ஏறியது. தோட்டத்தில் கால் வைக்கும்போதே கடன்காரன். அந்தக் கடனை எழுதிய 'துண்டு' முறை 1921இல்தான் சட்டப்படி ஒழிந்தது. நடந்ததும் அவர்களே, நடந்ததுக்குக் காசு கட்டினதும் அவர்களே.

மாத்தளைக்கு ரயில் வந்தது 1880இல். தனுஷ்கோடி–தலைமன்னார் கப்பலும் ரயிலும் இணைந்தது 1914இல். பயண நேரம் குறைந்துகொண்டே வந்தது. உரிமை மட்டும் கிட்ட வரவில்லை. 1948இல் குடியுரிமைச் சட்டம் நம்மவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று ஒதுக்கியது. நடந்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் தலைமன்னாரில் கப்பல் ஏறினார்கள்.

2023இல், மலையகம் 200ஐ நினைவுகூர்ந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு ஒரு நடைபவனி வந்தது. ஜூலை 28 தொடங்கி ஆகஸ்ட் 12 வரை, 16 நாட்கள். நேர்கோட்டில் 206 கிலோமீற்றர்தான். ரோட்டில் 250ஐத் தாண்டும். இந்த முறை தண்ணி இருந்தது, வழியெல்லாம் வரவேற்க ஆட்கள் இருந்தார்கள். காணியும் வீடும் சம உரிமையும் என்ற கோரிக்கை கையில் இருந்தது.

நாவுல தாண்டி மாத்தளைக்கு வருகிற ஏ9 வீதி பலாபத்வல ஊடாகத்தான் போகிறது. தினமும் டியூஷனுக்கு பஸ் பிடிக்கிற அதே ரோடு. கூட்டாளி டிக்கெட் போட்டுவிட்டான். போகிறபோது ஜன்னல் பக்கம் உட்காரச் சொல்லியிருக்கிறேன். கீழே மன்னார் தெரிந்தால், அங்கிருந்து நம்ம ஊர் வரைக்கும் கண்ணால ஒரு தடவை நடந்து பார்க்கட்டும்.