இரும்புக்கை மாயாவியும் பழம்பிரதி தேடுவோரும்

வரலாறு என்றதும் கல்வெட்டும் செப்பேடும் நாணயமும் ஓலைச்சுவடியும் நம் நினைவிற்கு வருகின்றன. மயிலாப்பூர் லஸ் முனையின் நடைபாதையிலே, பழைய வார இதழ்களுக்கும் தேர்வு வழிகாட்டிகளுக்கும் இடையே, அட்டை கிழிந்து கிடக்கும் சித்திரக்கதைப் புத்தகம் ஒன்றும் வரலாற்றுச் சான்று ஆகுமா? ஆகும் என்பதே நான் இன்று கூற வந்த செய்தி. மாணவச் செல்வங்களே, இவ்வுண்மையை நான் காலந்தாழ்த்தியே உணர்ந்தேன். உணர்வதற்கு முன் ஒரு தவறும் செய்தேன். அதனையும் உங்களிடம் மறைக்கப் போவதில்லை.

தமிழ்நாட்டில் சித்திரக்கதை சேகரிப்போர் யாவரும் முதலிற் கூறும் பெயர் ஒன்றுண்டு. இரும்புக்கை மாயாவி என்பது அது. இவன் பிறந்த ஊர் தமிழகத்தில் இல்லை, இலண்டன் மாநகரம். 1962ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில், ஃபிளீட்வே என்னும் பதிப்பகத்தார் 'வேலியண்ட்' என்ற சிறுவர் வார இதழைத் தொடங்கினர். அவ்விதழில் 'ஸ்டீல் கிளா' என்னும் பெயரால் இவன் உலா வந்தான். கதையை முதலில் எழுதியவர் கென் பல்மர். பின்னர்த் தொடர்ந்தவர் டாம் டல்லி. சித்திரம் தீட்டியவர் ஸ்பெயின் நாட்டு ஓவியரான ஹேசுஸ் பிளாஸ்கோ. கறுப்பும் வெளுப்புமாய், நிழல் செறிந்த அவருடைய கோடுகளைக் கண்டவர் எளிதில் மறவார்.

கதையின் தலைவன் லூயிஸ் கிராண்டெல். அறிவியல் ஆய்வுக்கூடத்தில் உதவியாளனாய் இருந்தவன். விபத்தொன்றில் வலக்கையை இழந்து, அதற்கு ஈடாக உலோகக் கை பொருத்திக் கொண்டவன். மின்சாரம் உடலிற் பாய்ந்தால் அவன் உருவம் முழுவதும் மறைந்துவிடும். அவ்வுலோகக் கை மட்டும் வெளியில் மிதந்து தோன்றும். இத்தகைய ஆற்றல் கிட்டியதும் அவன் என்ன செய்தான்? நன்மை செய்யப் புறப்பட்டான் அல்லன், கொள்ளையிடப் புறப்பட்டான். நாட்டையே அச்சுறுத்தினான். பின்னரே மனம் திரும்பி, நிழற்படை என்னும் உளவுப் பிரிவிற் சேர்ந்து, தீயோரை ஒடுக்கும் பணியை மேற்கொண்டான். எனவே இவன் குற்றத்திலே தொடங்கி நன்மைக்கு வந்து சேர்ந்த தலைவன். முழு நல்லவன் என்றும் முழுத் தீயவன் என்றும் இவனை ஒரு சொல்லில் அடக்குதல் இயலாது.

இவனைத் தமிழகத்திற்கு அழைத்து வந்தது சிவகாசி. தீப்பெட்டிக்கும் பட்டாசிற்கும் பெயர் பெற்ற அந்நகரம் அச்சுத்தொழிலுக்கும் தலைநகர் அன்றோ? அங்கே திரு. எம். சௌந்தரபாண்டியன் அவர்கள் 1972ஆம் ஆண்டில் முத்து காமிக்ஸ் என்னும் வெளியீட்டைத் தொடங்கினார். அதன் முதல் மலரே 'இரும்புக்கை மாயாவி'. ஆங்கிலப் பெயரில் இருப்பது கூரிய நகம். பற்றிக் கிழிக்கும் விலங்கின் நகம். தமிழ்ப் பெயரிலோ நகம் மறைந்து கை வந்தது. அதனோடு நம் பாட்டிமார் கதைகளில் உலவும் மாயாவியும் வந்து சேர்ந்தான். அச்சுறுத்தும் பெயர் வியப்பூட்டும் பெயராயிற்று. மொழிபெயர்ப்பிலே ஒரு சொல் மாறினால் ஒரு பாத்திரத்தின் குணமே மாறும் என்பதற்கு இதனினும் எளிய சான்று வேண்டுவதில்லை.

குற்றமுடைய தலைவனைத் தமிழர் இவ்வளவு எளிதில் ஏற்றதில் வியப்பு ஒன்றும் இல்லை. வேடனாய் வழிப்பறி செய்தவர் பின்னர் வான்மீகி முனிவரான கதையை நாம் இளமையிலேயே கேட்டிருக்கிறோம். அடியார்க்கு அமுது படைப்பதற்காக வழிப்போக்கரைக் கொள்ளையிட்ட மன்னர் திருமங்கையாழ்வாராய் உயர்ந்த வரலாற்றை மயிலையிலும் திருவல்லிக்கேணியிலும் வளர்ந்தோர் நன்கு அறிவர். நாமக்கல் கவிஞர் எழுதிய 'மலைக்கள்ளன்' 1954ஆம் ஆண்டில் திரைப்படமாகி நாடெங்கும் ஓடியது. சட்டம் கள்ளன் என்கிறது. ஏழைகள் காவலன் என்கிறார்கள். இவ்விரண்டிற்கும் இடையே நிற்பவனிடம் நமக்கு என்றும் ஓர் ஈடுபாடு உண்டு. 1984ஆம் ஆண்டில் லயன் காமிக்ஸ் தொடங்கப்பெற்றது. அதன்வழித் தமிழில் புகழ்பெற்ற ஸ்பைடர் என்பவனும் இவ்வினத்தவனே. குற்றவாளிகளுக்கெல்லாம் அரசனாக விரும்பிப் புறப்பட்டுப் பின்னர்க் குற்றவாளிகளையே வேட்டையாடியவன் அவன்.

சிறுவர் விரும்பிய இப்புத்தகங்களைப் பெரியோர் விரும்பவில்லை. இஃது எங்கும் நிகழ்ந்ததே. அமெரிக்க நாட்டில் 1940களின் இறுதியில், பள்ளி வளாகங்களிலேயே சித்திரக்கதைகளைக் குவித்து எரித்தனர். 1954ஆம் ஆண்டில் பிரெட்ரிக் வெர்த்தாம் என்னும் மனநல மருத்துவர், இவை இளம் உள்ளங்களைக் கெடுக்கின்றன என்று ஒரு நூல் எழுதினார். அவ்வாண்டிலேயே அந்நாட்டுப் பதிப்பாளர்கள் தமக்குத் தாமே ஒரு கட்டுப்பாட்டு விதி வகுத்துக் கொண்டனர். மறு ஆண்டில் பிரிட்டனும் தனிச் சட்டம் இயற்றியது. நம் ஊர்ப் பள்ளிகளிலோ சட்டத்தை நாட வேண்டியிருக்கவில்லை. ஆசிரியரின் பிரம்பும் பழைய பேப்பர்க் கடைக்காரரின் தராசும் போதுமானவையாய் இருந்தன.

இனி என் தவற்றைக் கூறுகிறேன். முதல் மாயாவி வெளிவந்தபோது நான் பள்ளி மாணவன். வகுப்பில் ஒரே புத்தகம் முப்பது கைகள் மாறும். என் முறை வருவதற்குள் அட்டை போய்விடும். அவ்வளவு விருப்பத்தோடு படித்த நான், பிற்காலத்தில் சைதாப்பேட்டை ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பயின்று ஆசிரியனானேன். மாணவன் அறிந்ததிலிருந்து தொடங்கி அறியாததற்கு அழைத்துச் செல்க என்று அங்கே கற்றேன். கற்றதைத் தேர்வில் எழுதினேன், வகுப்பில் மறந்தேன்.

1986ஆம் ஆண்டு என்று நினைவு. எட்டாம் வகுப்பிலே தமிழ்ப் பாடம் நடத்திக் கொண்டிருந்தேன். உ. வே. சாமிநாதையர் ஏடு தேடி ஊர் ஊராய் அலைந்த வரலாற்றைக் கூறிக்கொண்டிருந்தேன். கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் பழைய ஏடுகளைத் தீயிலிட்டுவிட்டனர் என்று கேட்டு அவர் உள்ளம் துடித்த செய்தியை உருக்கமாகவே சொன்னேன். அப்போது கடைசி வரிசையில் ஒரு மாணவன் மடியில் எதையோ வைத்துப் படித்துக்கொண்டிருந்தான். எழுந்து சென்று பிடுங்கினேன். முதல் மாயாவிப் புத்தகம் அது. பையைச் சோதித்தேன், மேலும் ஆறு கிடைத்தன. "திருடனைப் பற்றிப் படித்தால் திருட்டுப் புத்திதான் வரும்" என்றேன். அவன் தலை குனிந்தபடி, "அவன் அப்புறம் திருந்திடறான் சார்" என்றான். வகுப்பு சிரித்தது. நான் சிரிக்கவில்லை. ஆண்டு முடிவில், திருத்திய விடைத்தாள்களோடு அவ்வேழு புத்தகங்களையும் பழைய பேப்பர்க் கடைக்குப் போட்டுவிட்டேன். ஏடு எரிந்த கதையை வகுப்பிற் சொன்ன வாயால் அதற்கும் நானே ஒப்புதல் கொடுத்தேன்.

பணி ஓய்வு பெற்ற பின்னர் ஒரு நாள், லஸ் முனைப் பழைய புத்தகக் கடையில் நின்றிருந்தேன். அருகில் ஐம்பதை நெருங்கும் ஒருவர் குத்திட்டு அமர்ந்து, சித்திரக்கதைகளை ஒவ்வொன்றாய்ப் பிரித்து உள்ளட்டையை மட்டும் பார்த்து வைத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து வணங்கினார். அம்மாணவரே அவர். எதைத் தேடுகிறீர்கள் என்று கேட்டேன்.

"முதல் மாயாவி சார்."

"மறுபதிப்பு வந்திருக்கிறதே?"

"அது என்னிடம் இருக்கிறது சார். கதையும் மனப்பாடம். மூர் மார்க்கெட்டில் எங்கப்பா வாங்கிக் கொடுத்த பிரதி அது. உள்ளே என் பேரை எழுதித் தேதி போட்டிருந்தார். அந்தக் கடைத்தெரு எரிந்துபோய்விட்டது. அப்பாவும் இப்போது இல்லை. அந்தப் பிரதி எங்கேயாவது இருக்கும் என்று பார்க்கிறேன்."

அவர் என்மீது குறை கூறவில்லை. அந்தப் புத்தகம் எப்படிக் கைவிட்டுப் போயிற்று என்றும் நினைவூட்டவில்லை. நானே சொல்லி மன்னிப்புக் கேட்டேன். "விடுங்க சார், அன்றைக்கு எல்லா சாரும் அப்படித்தான்" என்றார். ஆறுதலாகக் கூறிய அச்சொல் எனக்கு ஆறுதலாய் இல்லை.

அன்று முதல் பழம்பிரதி தேடுவோரின் தொழிலை நான் கூர்ந்து நோக்கலானேன். ஒரு பொருள் அரிதாவது ஏன்? உலகிற் பலர் அதனை மலிவென்று எறிந்துவிடுவதால்தான். சூப்பர்மேன் முதன்முதலில் தோன்றிய அமெரிக்கச் சித்திரக்கதை இதழ் 1938ஆம் ஆண்டில் பத்துக் காசு விலைக்கு விற்றது. படித்தவர் எறிந்தனர்; உலகப் போரின்போது பழைய தாள்களெல்லாம் திரட்டப்பெற்றுக் கூழாயின. எஞ்சிய சிலவற்றுள் ஒரு பிரதி 2014ஆம் ஆண்டில் முப்பத்திரண்டு இலட்சம் டாலருக்கு ஏலம் போயிற்று. விலையை நான் வியக்கவில்லை. எத்தனை பிரதிகள் அழிந்திருந்தால் ஒன்றிற்கு இவ்விலை வரும் என்று எண்ணிப் பாருங்கள்.

சென்னையில் தாளுக்குப் பகை பல. மலிவான அச்சுத்தாளில் மரக்கூழின் பகுதிகள் நீக்கப்படாமல் நிற்பதால், காற்றும் வெளிச்சமும் பட்டு அது பழுப்பேறி நொறுங்குகிறது. கடற்காற்றின் ஈரத்தில் கம்பித் தையல் துருப்பிடித்து நடுப்பக்கத்தைத் தின்கிறது. இராமபாணப் பூச்சி எஞ்சியதை அரிக்கிறது. பழைய புத்தகத்திற்குப் பெயர் பெற்ற மூர் மார்க்கெட் 1985ஆம் ஆண்டு மே மாதம் தீக்கிரையாயிற்று. 2015ஆம் ஆண்டு டிசம்பரில் அடையாறு கரைபுரண்டபோது கோட்டூர்புரத்திலும் சைதாப்பேட்டையிலும் வீடுகளுக்குள் புகுந்த வெள்ளம் புத்தக அலமாரிகளையும் விட்டுவைக்கவில்லை. தீயும் நீரும் பூச்சியும் செய்த வேலையோடு, வீட்டைத் தூய்மை செய்யும் பெரியோரின் கையும் சேர்ந்தது.

இவற்றையெல்லாம் கடந்து பிழைத்த புத்தகங்களைப் பாதுகாப்போர் செய்வது வெறும் பொழுதுபோக்கு அன்று. எந்தக் கதை எந்த இதழில் எந்த ஆண்டில் வந்தது என்று பட்டியல் இடுகின்றனர். ஆங்கில மூலம் எது, தமிழில் எது விடப்பட்டது, எது சேர்க்கப்பட்டது என்று ஒப்பிடுகின்றனர். பெயரால் வரும் குழப்பத்தையும் தீர்க்கின்றனர். முத்து காமிக்ஸில் மாயாவி என்றால் இரும்புக்கையன். ராணி காமிக்ஸிலோ முகமூடி அணிந்த வேறொரு வீரன், ஆங்கிலத்தில் 'ஃபேண்டம்' எனப்படுபவன், மாயாவி என்று அழைக்கப்பெற்றான். இவ்விருவரையும் ஒருவராகக் கொண்டால் ஆராய்ச்சி தடம் புரளும். இலக்கிய ஆராய்ச்சியாளர் ஒரே பெயருடைய இரு புலவரை வேறுபடுத்துவதற்கும் இதற்கும் முறையில் வேற்றுமை இல்லை.

மேலும், பழம்பிரதியில் கதை மட்டுமா இருக்கிறது? அட்டையில் விலை இருக்கிறது. உள்ளே வாசகர் கடிதமும் விளம்பரமும் இருக்கின்றன. எந்த ஊர்ச் சிறுவர் எதைக் கேட்டனர், எந்தப் பொருள் அவர்க்கு விற்கப்பட்டது, தமிழ்நடை அன்று எவ்வாறு இருந்தது என்பனவற்றை அங்கே காணலாம். சிவகாசி நிறுவனத்தார் இப்போது திரு. எஸ். விஜயன் அவர்களை ஆசிரியராகக் கொண்டு மாயாவியின் பழைய கதைகளைப் புதுப்பொலிவோடு மறுபதிப்புச் செய்துள்ளனர். அது போற்றத்தக்க பணி. ஆயினும் மறுபதிப்பு கதையைத் தரும். காலத்தைத் தருவது பழம்பிரதியே. தந்தையின் கையெழுத்தை எந்த அச்சகம் மீண்டும் அச்சிடும்?

இதனை முன்னரே உணர்ந்த ஒருவர் நம்மிடையே வாழ்ந்தார். செட்டிநாட்டுக் கோட்டையூரைச் சேர்ந்த ரோஜா முத்தையா செட்டியார், பிறர் பொருட்படுத்தாத பாட்டுப் புத்தகம், நாடக அறிவிப்பு, திருமண அழைப்பு முதலியவற்றையும் நூல்களோடு சேர்த்துத் திரட்டினார். அவர் 1992ஆம் ஆண்டில் மறைந்தபின், சிகாகோ பல்கலைக்கழகம் அத்தொகுப்பைப் பெற்றது. அது கடல் கடந்து போகாமல் சென்னையிலேயே ஆராய்ச்சி நூலகமாக நிலைத்தது. அடையாற்றை அடுத்த தரமணியில் இன்று அதனைக் காணலாம். பெசன்ட் நகரில் உ. வே. சா. அவர்கள் பெயரால் விளங்கும் நூலகமும் தொலைவில் இல்லை. ஒன்று ஓலையைக் காத்தது. மற்றொன்று தாளைக் காத்தது. காத்தவர் இருவரும் தம் காலத்தில் பிறர் எறிந்ததையே தேடினர்.

மாணவர்களே, உங்கள் வீட்டுப் பரணில் பழைய சித்திரக்கதை ஒன்று கிடைத்தால் உடனே கடைக்குப் போடாதீர்கள். துருப்பிடித்த கம்பியை மெல்ல நீக்கி நூலால் தைத்து வையுங்கள். வெயிலும் ஈரமும் படாமல் காப்பாற்றுங்கள். எந்த ஆண்டு, எந்த எண், யாரிடமிருந்து பெற்றது என்பதைத் தனித்தாளில் குறித்து உள்ளே வையுங்கள். புத்தகத்தில் முன்னரே யாரேனும் பெயர் எழுதியிருந்தால் அதனை அழிக்காதீர்கள். பாடநூலை விட்டு இதனைப் படியுங்கள் என்று நான் கூறவில்லை. பாடநூல் கற்றுத்தரும் வரலாற்று முறையை இதன்மீது செலுத்திப் பாருங்கள் என்றே கூறுகிறேன்.

ஆசிரியராகப் போகும் கல்லூரி மாணவர்க்கும் ஒரு சொல் உண்டு. வகுப்பில் ஒரு புத்தகத்தைப் பறிமுதல் செய்ய நேர்ந்தால், மாலையில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கொடுக்கும்போது உள்ளட்டையை ஒருமுறை பாருங்கள். நான் பார்க்கவில்லை. "அவன் அப்புறம் திருந்திடறான்" என்று அந்தச் சிறுவன் மாயாவியைப் பற்றிச் சொன்னான். கதைத் தலைவனுக்குக் கிடைத்த அந்த வாய்ப்பை ஆசிரியர்க்கும் வழங்கிய அவருடைய பெருந்தன்மையை நான் மறவேன். இப்போது லஸ் முனையிற் போகும்போதெல்லாம் நானும் குனிந்து, பழைய மாயாவி கிடைத்தால் உள்ளட்டையைப் பார்த்தே வைக்கிறேன்.