ஏசி சர்வீஸ் தொழிலை விற்கப் போறீங்களா? டூல்ஸுக்கு மட்டும் விலை பேசாதீங்க!

பல்லாவரம் வெள்ளிக்கிழமை சந்தைக்குப் போனா பழைய மோட்டார், டிரில்லிங் மெஷின்னு எல்லாத்துக்கும் ஒரு விலை கிடைக்கும். ஆனா பம்மல், குரோம்பேட்டை, கீழ்க்கட்டளைனு பைக்கில் அலைஞ்சு நீங்க சேர்த்த வாடிக்கையாளர்களுக்கு என்ன விலை?

ஏசி சர்வீஸ், ஆர்.ஓ. ரிப்பேர், பிளம்பிங்னு சின்னதா தொழில் நடத்துறவங்க, வெளிநாட்டு வேலை கிடைச்சோ, உடம்பு முடியாமலோ விலகும்போது டூல்ஸை மட்டும் வித்துட்டுக் கிளம்பிடறது உண்டு. பல வருஷ உழைப்பு அதோட முடிஞ்சுபோயிடும். அப்படி ஆகாம இருக்க, இந்த 5 விஷயங்களைக் கவனிங்க.

1. உங்க சம்பளத்தைக் கழிங்க

உதாரணமா, மாசம் 60,000 ரூபாய் கையில் நிக்குதுன்னு வெச்சுக்குவோம். உங்க இடத்துல ஒரு டெக்னீஷியனைப் போட்டா 25,000 ரூபாய் சம்பளம் தரணும். அப்போ தொழிலோட லாபம் 35,000 ரூபாய்தான். வாங்குறவர் பார்க்கப்போறது இந்தத் தொகையைத்தான். கத்திரி வெயில் மாசக் கணக்கை மட்டும் காட்டாதீங்க. மழைக்கால மாசங்களையும் சேர்த்து 12 மாசக் கணக்கைக் கொடுத்தாதான் நம்பிக்கை வரும்.

2. ஏ.எம்.சி. பணம் உங்க பணமில்லை

60 வீடுகளில் வருஷத்துக்குத் தலா 3,000 ரூபாய் அட்வான்ஸ் வாங்கியிருந்தா, மொத்தம் 1,80,000 ரூபாய். பாதி சர்வீஸ் பாக்கி இருக்கும்போது வித்தா, 90,000 ரூபாய்க்கான வேலையை வாங்குறவர்தான் இலவசமா செய்யணும். அதை விலையில் கழிச்சுப் பேசுங்க. மறைச்சா பின்னாடி சண்டைதான்.

3. போன் நம்பர்தான் கடை

ஜிஎஸ்டி சாலையில் போர்டு இல்லாட்டியும் பரவாயில்லை. ஃப்ரிட்ஜ்ல ஒட்டின ஸ்டிக்கர்ல இருக்கிற நம்பர் முக்கியம். சொந்த நம்பரையும் தொழில் நம்பரையும் இப்பவே பிரிச்சிடுங்க. அந்த சிம், வாட்ஸ்அப் பிசினஸ் கணக்கு, ரிவியூ இருக்கிற கூகுள் பக்கம் மூணையும் வாங்குறவர் பேருக்கு முறைப்படி மாத்திக் கொடுங்க. வாடிக்கையாளர் பட்டியலைக் கொடுக்கறதுக்கு முன்னாடி, அவங்களுக்குத் தகவல் சொல்லிச் சம்மதம் வாங்கறதுதான் மரியாதை.

4. அதே ஏரியாவில் மறுபடி கடை போடலாமா?

‘இனி இந்தத் தொழிலே செய்யக் கூடாது’ங்கிற ஒப்பந்தம் பொதுவா செல்லாது. ஆனா, 1872-ம் வருஷ இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27-வது பிரிவில் ஒரு விதிவிலக்கு இருக்கு. தொழிலோட நற்பெயரையும் சேர்த்து வித்தவரை, குறிப்பிட்ட பகுதிக்குள், நியாயமான அளவில் கட்டுப்படுத்தலாம். அதனால, ‘சென்னை முழுக்கவே செய்ய மாட்டேன்’னு கையெழுத்துப் போட்டுடாதீங்க. எந்தெந்த ஊர், எத்தனை வருஷம்னு தெளிவா எழுதுங்க.

5. வரியை முடிச்சுட்டுக் கைமாத்துங்க

சேவைத் தொழிலில் வருஷ வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டினா ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். தனிநபர் தொழில்னா அந்தப் பதிவு உங்க பான் நம்பரோட சேர்ந்தது. வாங்குறவர் புதுசாதான் பதிவு செய்யணும். நடக்கிற தொழிலை முழுசா கைமாத்தினா அந்த விற்பனைக்கு ஜிஎஸ்டி கிடையாது. ஆனா, விக்கிற தேதி வரைக்குமான வரி பாக்கிக்கு ரெண்டு பேருமே பொறுப்பு. தாம்பரம் மாநகராட்சிக்குக் கட்ட வேண்டிய தொழில் வரியையும் முடிச்சிடுங்க. விற்ற லாபத்துக்கு வருமான வரி உண்டா, எவ்வளவுன்னு ஆடிட்டர்கிட்ட கேட்டுக்கோங்க.

கடைசியா ஒண்ணு. நீங்க இல்லாம ஒரு மாசம் வேலை நடந்தா, அதுதான் விற்கக்கூடிய தொழில். இன்னிக்கே ஒரு நோட்டு போட்டு, எந்த வீட்டில் என்ன மாடல், கடைசியா எப்போ சர்வீஸ், எவ்வளவு வாங்கினீங்கன்னு எழுத ஆரம்பிங்க. விக்கிற நாள் வராட்டியும், அந்த நோட்டு உங்களுக்கே லாபம்தான்!