தோட்டப் பள்ளியும் ஆங்கிலச் சான்றிதழும்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் மலாயாவிற்கு வந்த தமிழர் இருவேறு நிலைகளில் குடியமர்ந்தனர். நாகப்பட்டினத்தில் கப்பலேறி வந்தோர் கரும்பு, காப்பித் தோட்டங்களிலும், பின்னர் இரப்பர்த் தோட்டங்களிலும் தொழிலாளராயினர். யாழ்ப்பாணத்திலிருந்து வந்தோருள் பலர் இரயில்வே, நில அளவை, கருவூலம் முதலிய அரசு அலுவலகங்களில் எழுத்தர்களாக அமர்ந்தனர். மொழி ஒன்று, பெரும்பாலும் வழிபட்ட தெய்வமும் ஒன்று. எனினும் ஒரு சாராரின் கையில் மரம் சீவும் கத்தியும், மறு சாராரின் கையில் பேனாவும் இருந்தமைக்குக் காரணம் யாது?

அறிவின் ஏற்றத்தாழ்வு என்று கூறுதல் பொருந்தாது. 1823ஆம் ஆண்டில் அமெரிக்க மிஷனரிமார் வட்டுக்கோட்டையில் ஒரு செமினரியைத் தொடங்கினர். 1855இல் அது மூடப்பட்ட பின்னரும் யாழ்ப்பாணத்தில் ஆங்கிலக் கல்வியின் மீதான நாட்டம் குறையவில்லை. தம் பிள்ளைகள் சமயம் மாறாமலே ஆங்கிலம் கற்க வேண்டுமெனச் சைவப் பெருமக்களும் இந்துக் கல்லூரிகளை நிறுவினர். 1885இல் தைப்பிங்கிற்கும் போர்ட் வெல்டுக்கும் இடையே மலாயாவின் முதல் இரயில் பாதை திறக்கப்பட்டது. பாதைகள் பெருகப் பெருக, கணக்கெழுதவும் தந்தி அனுப்பவும் ஆங்கிலம் அறிந்தோர் தேவைப்பட்டனர். சான்றிதழின் விலையை ஆட்சியாளரின் தேவையே நிர்ணயித்தது. திருமுறைகளையும் நிகண்டுகளையும் மனனம் செய்த புலமைக்கு அங்கு ஊதியம் இல்லை.

தோட்டத்துப் பிள்ளைகளின் நிலை வேறு. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டுமென 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் விதித்தது. கொட்டகையே பள்ளியாயிற்று, பல இடங்களில் கிராணியோ, எழுதப் படிக்கத் தெரிந்த தொழிலாளியோ ஆசிரியரானார். பள்ளி வேண்டுமென்ற சட்டம், அப்பள்ளியில் படித்து முடித்தவன் அடுத்து எங்கே செல்வான் என்பதைப் பற்றிப் பேசவில்லை. ஆங்கிலப் பள்ளிகளோ பட்டணத்தில் இருந்தன. அங்கே கட்டணமும் உண்டு. ஆகவே பிள்ளைகள் பெற்றோருடன் நிரைக்கே சென்றனர்.

இதன் கடுமை தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில்தான் முழுமையாகத் தெரிந்தது. 1950, 60களில் தோட்டங்கள் கைமாறியபோது வேலையும் வீடும் ஒருங்கே போயின. பட்டணத்தில் வேலை தேடியவரிடம் கேட்கப்பட்டது சான்றிதழ். பால் மரத்தைப் பட்டை காயமின்றிச் சீவும் கைத்திறனுக்கு எவரும் சான்றிதழ் எழுதித் தந்ததில்லை! பிற்காலத்தில் தமிழ்ப்பள்ளி மாணவர் இடைநிலைப் பள்ளிக்குச் செல்ல வழி பிறந்தது. ஆயினும் மலாய் மொழிக்காகப் புகுமுக வகுப்பில் ஓராண்டைச் செலவிட நேர்ந்தது. அவ்வோராண்டில் ஊக்கம் இழந்தோர் பலர்.

இந்நிலையில் 1982ஆம் ஆண்டில் மலாயாப் பல்கலைக்கழக வரலாற்று விரிவுரையாளர் டாக்டர் எம். தம்பிராஜா ஸ்ரீ முருகன் நிலையத்தைத் தோற்றுவித்தார். பல்கலைக்கழக வாயிலை எட்டுவதற்குரிய தேர்வுப் பயிற்சியும் பிரார்த்தனையும் அங்கு ஒருசேர அமைந்தன. பத்துமலைக்குக் கல்வி யாத்திரையும் தொடங்கிற்று. தைப்பூசத்திற்குக் காவடி சுமந்து ஏறிய அதே படிகளில், தேர்வெழுதப் போகும் பிள்ளைகள் பெற்றோருடன் ஏறினர்.